லினக்ஸ் மிண்டில் க்யூபிட்டொரன்ட்: நிறுவுவது முதல் சீட் செய்வது வரை

விண்டோஸிலிருந்து லினக்ஸ் மிண்டுக்கு வந்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, "டொரன்டுக்கு எதைப் போடுவது?" என்பது. பதில் எளிது. ஆனால் அதற்கு முன் ஒரு பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பிரவுசரைத் திறந்து, மென்பொருளின் பெயரைத் தேடி, முதலில் கண்ணில் படும் தளத்திலிருந்து இறக்கி நிறுவுவது விண்டோஸ் கைக்குப் பழகிப்போன வேலை. லினக்ஸில் அது தேவையே இல்லை. மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் கட்டுக்குள் வைத்திருக்க முடிவதுதான் இந்த இயங்குதளத்தின் பெரிய பலம். கோப்புப் பகிர்வு மென்பொருள் என்று வரும்போது அந்தப் பலத்தைக் கைவிடவே கூடாது.

டொரன்ட் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் அமைப்புகளை மாற்றும்போது உதவும். பிட்டொரன்ட் என்ற நெறிமுறையை பிராம் கோஹன் 2001இல் வெளியிட்டார். ஒரு பெரிய கோப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ் எண்ணை (துண்டில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) கணக்கிட்டு, அந்த எண்களை ஒரு சின்ன டொரன்ட் கோப்பில் எழுதிவைக்கிறார்கள். வகுப்பில் ஒரே ஒரு புத்தகம் இருக்கும்போது ஆளுக்குச் சில பக்கங்களை நகலெடுத்துத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதைப் போல, இறக்குகிறவர்கள் எல்லோரும் கையிலிருக்கும் துண்டுகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கொடுப்பவர் சீடர், இன்னும் இறக்கிக்கொண்டிருப்பவர் பியர். வந்து சேரும் ஒவ்வொரு துண்டின் ஹாஷும் சரிபார்க்கப்படும். ஒத்துப்போகாத துண்டு தூக்கி எறியப்பட்டு மறுபடியும் கேட்கப்படும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்ல வேண்டும். மிண்டில் ட்ரான்ஸ்மிஷன் என்ற டொரன்ட் மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கோப்பு இறக்கினால் போதும் என்றால் அதையே பயன்படுத்துங்கள், நன்றாகவே வேலை செய்யும். நிறைய டொரன்டுகளை வரிசைப்படுத்த வேண்டும், எது எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்று வகைப்படுத்த வேண்டும், என்ன நடக்கிறது என்று விவரமாகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு க்யூபிட்டொரன்ட். கிறிஸ்டோஃப் டுமே என்ற பிரெஞ்சு மாணவர் 2006இல் தொடங்கிய திட்டம் இது. இன்று தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். கட்டற்ற மென்பொருள், விளம்பரம் கிடையாது.

எங்கிருந்து இறக்குவது என்பதே முதல் பாடம்

மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினால் என்ன தவறு என்று கேட்கலாம். 2016இல் அடுத்தடுத்து நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மிண்டின் தளத்துக்குள்ளேயே ஊடுருவினார்கள். மிண்ட் 17.3 சினமன் பதிப்புக்கான இணைப்பை, பின்வாசல் வைத்த ஒரு போலி ஐஎஸ்ஓவை (இயங்குதளத்தை நிறுவ உதவும் கோப்பு) நோக்கித் திருப்பிவிட்டார்கள். அன்று அந்த இணைப்பைக் கிளிக் செய்து இறக்கியவர்களுக்குக் கிடைத்தது அந்தப் போலிதான். டொரன்ட் வழியாக இறக்கியவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று மிண்ட் குழு அறிவித்தது. காரணம் மேலே சொன்னதுதான். டொரன்ட் கோப்பில் இருப்பது உண்மையான ஐஎஸ்ஓவின் ஹாஷ் எண்கள், ஆகவே மாற்றப்பட்ட ஐஎஸ்ஓவின் துண்டுகள் அவற்றோடு பொருந்தவே பொருந்தாது.

அடுத்த மாதமே ட்ரான்ஸ்மிஷனுக்கு அடி விழுந்தது. அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்த மேக் கணினிக்கான 2.90 பதிப்பில் கீரேஞ்சர் என்ற ரேன்சம்வேரை யாரோ சேர்த்துவிட்டார்கள். நிறுவியவர்களின் கோப்புகளைப் பூட்டிவிட்டு ஒரு பிட்காயின் கேட்டது அது.

மிண்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் இருக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை மிண்டின் களஞ்சியங்களிலிருந்தும் (மென்பொருள் கிடங்குகள்), மிண்டுக்கு அடிப்படையான உபுண்டுவின் களஞ்சியங்களிலிருந்தும் வருகின்றன. அங்கிருந்து வரும் தொகுப்புகளின் பட்டியல் டிஜிட்டல் கையொப்பமிடப்பட்டது. நடுவில் யாராவது மாற்றினால் உங்கள் கணினியே அதை ஏற்க மறுக்கும். அந்த வசதி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, தேடுபொறி காட்டும் ஏதோ ஒரு தளத்துக்கு ஏன் போக வேண்டும்?

நிறுவும் முறை

மெனுவைத் திறந்து 'சாஃப்ட்வேர் மேனேஜர்' செல்லுங்கள். தேடல் பெட்டியில் க்யூபிட்டொரன்ட் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல், எல்லாம் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். முதல் எழுத்து கியூ, பிட் என்பதற்கு ஒரு டி, டொரன்டில் இரண்டு ஆர். தேடி வரும் மென்பொருளைக் கிளிக் செய்தால் அது இரண்டு வடிவங்களில் கிடைப்பது தெரியும்: ஒன்று 'சிஸ்டம் பேக்கேஜ்', மற்றொன்று 'ஃப்ளாட்பேக்'.

சிஸ்டம் பேக்கேஜ் சிறியது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகங்களையே பயன்படுத்திக்கொள்ளும். மற்ற மென்பொருள்களோடு சேர்ந்து அப்டேட் மேனேஜர் வழியாகவே புதுப்பிக்கப்படும். ஃப்ளாட்பேக்கில் பதிப்பு புதியதாக இருக்கும். ஆனால் முதல் முறை நிறுவும்போது தனக்கு வேண்டிய நூலகத் தொகுப்பையும் சேர்த்து இறக்குவதால் சில நூறு எம்பி செலவாகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? புதியவர்களுக்கு சிஸ்டம் பேக்கேஜ் போதும் என்பதே என் கருத்து. ஒரே ஒரு எச்சரிக்கை. மிண்ட் 22 வரிசையில் இப்படிக் கிடைப்பது 4.6 வரிசைப் பதிப்பு. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழில் பிழை இருந்தாலும் அதைக் கண்டுகொள்ளாமல் தரவை இறக்கும் ஒரு குறை இந்த மென்பொருளில் பல ஆண்டுகளாக இருந்தது. 2024 அக்டோபரில் வந்த 5.0.1 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் தேடல் வசதியும், தளங்களின் புதிய பதிவுகளைத் தானாகப் பெறும் ஆர்எஸ்எஸ் வசதியும் அந்தக் குறை தொட்ட பகுதிகள். அவற்றைப் பயன்படுத்த எண்ணமிருந்தால் ஃப்ளாட்பேக்கையே நிறுவுங்கள். டொரன்ட் கோப்பை நீங்களே நம்பகமான தளத்திலிருந்து எடுத்துத் திறப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் சிஸ்டம் பேக்கேஜே போதும்.

'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்துங்கள். கூடுதலாகச் சில தொகுப்புகளும் நிறுவப்படும் என்று ஒரு பட்டியல் வந்தால் 'கன்டினியூ' கொடுங்கள். பிறகு உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். லாகின் செய்யும்போது கொடுக்கும் அதே பாஸ்வேர்டுதான், வேறு ஒன்று கிடையாது. முடிந்ததும் 'லாஞ்ச்' பொத்தான் தெரியும்.

டெர்மினல் பிடிக்கும் என்பவர்கள், அல்லது உபுண்டுவில் இருப்பவர்கள், கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி டெர்மினலைத் திறந்து, 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் க்யூபிட்டொரன்ட்' (sudo apt install qbittorrent) என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுத்தால் போதும். நான்கு சொற்கள், நடுவில் ஒவ்வோர் இடைவெளி. பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்யும்போது உபுண்டுவின் பல பதிப்புகளில் திரையில் புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை வேலை செய்யவில்லையோ என்று நினைக்க வேண்டாம், முழுவதும் அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். 'லாக் கிடைக்கவில்லை' என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்தால், பின்னணியில் வேறு ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சில நிமிடம் பொறுத்து அதே கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாதியில் நிற்கும் அப்டேட், கணினியையே கெடுத்துவிடும்.

முதல் முறை திறக்கும்போது

ஓர் அறிவிப்பு வரும். இது கோப்புப் பகிர்வு மென்பொருள், நீங்கள் ஒரு டொரன்டை ஓட்டும்போது அதிலுள்ள தரவு மற்றவர்களுக்கும் அனுப்பப்படும், நீங்கள் பகிர்வதற்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிடும் வழக்கமான பெட்டி அல்ல இது. சாதாரண டவுன்லோடுக்கும் டொரன்டுக்கும் உள்ள வித்தியாசமே இதில்தான் இருக்கிறது. இறக்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் நீங்கள் விநியோகிப்பவரும் ஆகிறீர்கள். திருட்டுப் படத்தை டொரன்டில் இறக்கினால், அதை ஊருக்கு விநியோகிக்கவும் செய்கிறீர்கள். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. உழைத்துப் படைத்தவர்களின் வயிற்றில் அடிப்பது என்ற விஷயம் தனி. சட்டப்படியே பகிரக்கூடியவை கொட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்கே நேரம் போதாது.

அப்புறம் 'டூல்ஸ்' மெனுவில் 'ப்ரிஃபரன்சஸ்' திறந்து சில அமைப்புகளை மட்டும் பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. முன்னிருப்பு அமைப்புகள் பெரும்பாலும் நல்லவையே.

'டவுன்லோட்ஸ்' பிரிவில் கோப்புகள் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. பென்டிரைவைக் காட்டினால், அது ஃபேட்32 வடிவமைப்பில் இருந்தால், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. உபுண்டு 24.04இன் ஐஎஸ்ஓ அதைத் தாண்டிவிடும். அடுத்தது, விண்டோஸும் மிண்டும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கிக்கொண்டிருந்தால், அது ஷட்டவுன் ஆகும்போது என்டிஎஃப்எஸ் டிரைவை முழுமையாக விடுவிப்பதில்லை. மிண்டில் அந்த டிரைவைத் திறந்தால் படிக்க முடியும், எழுத முடியாது. டொரன்ட் தொடங்கிய உடனே 'எரர்டு' என்று நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு வாருங்கள்.

'ஸ்பீட்' பிரிவுக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். டொரன்ட் ஓடும்போது வீட்டில் வேறு யாரும் வீடியோ பார்க்க முடியவில்லை என்ற புகாருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் டவுன்லோட் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள், பலன் இருக்காது. உண்மையில் மூச்சுத் திணறுவது அப்லோட். எந்தத் தரவு வந்து சேர்ந்தாலும் 'கிடைத்தது' என்று ஒரு சிறு பதிலை நம் கணினி திருப்பி அனுப்புகிறது. அப்லோட் பாதை நிரம்பி வழிந்தால் அந்தப் பதில்கள் வரிசையில் காத்துக் கிடக்கும், அதனால் எல்லோருடைய டவுன்லோடும் படுத்துவிடும். ஆகவே உங்கள் அப்லோட் வேகத்தில் 70 முதல் 80 சதவீதத்துக்கு வரம்பு வையுங்கள்.

கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், இந்த மென்பொருள் கிலோபைட்டில் கேட்கும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் அது நொடிக்குச் சுமார் 1,200 கிலோபைட். அதில் 900 என்று வரம்பு வைத்தால் சரியாக இருக்கும். 0 என்று விட்டால் வரம்பே இல்லை என்று பொருள். அதே பக்கத்தில் மாற்று வேக வரம்பு ஒன்றும், அதற்கு நேர அட்டவணையும் இருக்கும். பகலில் மெதுவாகவும் இரவில் முழு வேகத்திலும் ஓடும்படி அமைத்துக்கொள்ளலாம்.

'கனெக்‌ஷன்' பிரிவில் மொத்த இணைப்புகளின் வரம்பு 500 என்று இருக்கும். இணைய நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சின்ன ரூட்டராக இருந்து, டொரன்ட் ஓடும்போதெல்லாம் அது தொங்கிப்போனால் இதை 200 ஆக்கிப் பாருங்கள். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் 'பிஹேவியர்' பிரிவில், டவுன்லோட் நடக்கும்போது கணினி தூங்கப் போகாமல் தடுக்கும் தேர்வை டிக் செய்துகொள்வது நல்லது.

முதல் டொரன்ட்

லினக்ஸ் மிண்ட் தளத்தின் டவுன்லோட் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் டொரன்ட் இணைப்பு உண்டு. சினமன் பதிப்பு 3 ஜிபியை ஒட்டி வரும். டேட்டா அவ்வளவு இல்லை என்றால், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ 1 ஜிபிக்கும் குறைவு. இரண்டில் ஒன்றை இறக்கிப் பாருங்கள்.

டொரன்ட் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ட்ரான்ஸ்மிஷன்தான் திறக்கும், ஏனென்றால் அதுவே முன்னிருப்பு. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' சென்று, 'ஓபன் வித்' பக்கத்தில் க்யூபிட்டொரன்டைத் தேர்ந்து முன்னிருப்பாக்கிவிடுங்கள். மேக்னெட் இணைப்பாக (டொரன்ட் கோப்பு இல்லாமலே டொரன்டைத் திறக்கும் இணைப்பு) இருந்தால் எதில் திறப்பது என்று பிரவுசரே கேட்கும்.

திறந்ததும் வரும் பெட்டியில் வலப்பக்கம் கோப்புகளின் பட்டியல் இருக்கும். அதன் அருமை, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலிருந்து இறக்கும்போது தெரியும். 2012 முதல் ஆர்க்கைவ் தன் சேகரிப்புகளை டொரன்டாகவும் தருகிறது. பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் டொரன்டைத் திறந்தால், நமக்கு வேண்டிய பிடிஎஃப் தவிர, ஒவ்வொரு பக்கத்தின் ஸ்கேன் படமும் அடங்கிய பெரிய ஜிப் கோப்பு, எழுத்துணரி உருவாக்கிய கோப்புகள், சிறுபடங்கள் என்று ஏராளம் இருக்கும். பிடிஎஃப் 30 எம்பி இருக்க, அந்த ஜிப் மட்டும் பல நூறு எம்பி இருக்கக்கூடும். வேண்டாதவற்றின் டிக்கை எடுத்துவிட்டு 'ஓகே' கொடுங்கள். ஆர்க்கைவ் டொரன்டுகளில் சீடர் எண்ணிக்கை 0 என்று காட்டினாலும் கவலை வேண்டாம். அவற்றில் ஆர்க்கைவின் சர்வரே வெப் சீடாக இணைக்கப்பட்டிருப்பதால் கோப்பு வந்துவிடும்.

மற்ற டொரன்டுகளில் சீடர் 0 என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 'ஸ்டால்டு' என்றால் இப்போதைக்குத் தர யாருமில்லை என்று பொருள். 'க்யூட்' என்றால் பிழை எதுவுமில்லை. ஒரே நேரத்தில் ஓடும் டவுன்லோடுகளுக்கு உள்ள வரம்பால் உங்கள் டொரன்ட் வரிசையில் நிற்கிறது.

சன்னலின் அடியில் இணைப்பு நிலையைக் காட்டும் ஒரு சிறு ஐகான் உண்டு. பச்சை என்றால் வெளியிலிருந்தும் உங்களை அணுக முடிகிறது. ஆரஞ்சு என்றால் நேரடி இணைப்புகள் வரவில்லை. வெளி இணைப்புகள் நுழையும் வழியை (போர்ட்) தானாகத் திறந்துவிடும் யூபிஎன்பி என்ற வசதி ரூட்டரில் அணைந்திருக்கலாம், மிண்டின் ஃபயர்வாலை நீங்கள் இயக்கியிருந்தால் அதில் போர்ட் திறக்கப்படாமல் இருக்கலாம். மொபைல் இணையத்திலும் பல வீட்டு இணைப்புகளிலும் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதால், நீங்கள் என்ன செய்தாலும் அது ஆரஞ்சாகவே இருக்கக்கூடும். அப்படி இருந்தாலும் டவுன்லோட் நடக்கும். பழைய, சீடர் குறைவான டொரன்டுகளில்தான் தாமதம் தெரியும்.

ஐஎஸ்ஓ முழுவதும் வந்துவிட்டதா? டொரன்ட் துண்டுகளைச் சரிபார்த்தது உண்மைதான். ஆனால் அது டொரன்ட் கோப்பில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டுத்தான். அந்த டொரன்ட் கோப்பே போலி என்றால்? மிண்டில் ஐஎஸ்ஓவின் மேல் வலது கிளிக் செய்தால் 'வெரிஃபை' என்ற தேர்வு இருக்கும். 2016 நினைவிருந்தால் அதை ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் பென்டிரைவில் எழுதுவீர்கள்.

முடிந்த பிறகு

100 சதவீதம் ஆனதும் பலர் செய்யும் முதல் வேலை டொரன்டை அழிப்பது. செய்யாதீர்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். உங்களுக்கு வந்த ஒவ்வொரு துண்டும் வேறு யாரோ ஒருவர் தன் மின்சாரத்தையும் டேட்டாவையும் செலவழித்து அனுப்பியது. 'பிட்டொரன்ட்' பிரிவில் 'சீடிங் லிமிட்ஸ்' பகுதியில் ரேஷியோ 1 என்று வையுங்கள். வாங்கிய அளவு திருப்பிக் கொடுத்ததும் மென்பொருள் தானாகவே நிறுத்திக்கொள்ளும். டேட்டா வரம்பில்லாத இணைப்பு என்றால் 2 என்று வைக்கலாம். ஆர்க்கைவிலிருந்து எடுத்த அபூர்வமான புத்தகங்கள் என்றால் நான் வரம்பே வைப்பதில்லை. அவற்றுக்கு சீடர்கள் எப்போதும் குறைவு.

அதே 'பிட்டொரன்ட்' பிரிவில் 'லோக்கல் பியர் டிஸ்கவரி' என்ற தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வைஃபையில் இன்னொரு கணினியும் அதே டொரன்டை இறக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்து, இணைய டேட்டாவைச் செலவழிக்காமல் தங்களுக்குள்ளேயே துண்டுகளை மாற்றிக்கொள்ளும். 20 கணினிகள் உள்ள ஒரு பள்ளி ஆய்வகத்துக்கு இது எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப்பாருங்கள்.

சன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மென்பொருள் மூடப்படுவதில்லை, பேனலின் ஓரத்துக்குப் போய் வேலையைத் தொடரும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது இது முக்கியம். முழுவதும் நிறுத்த, அந்த ஐகானை வலது கிளிக் செய்து 'எக்ஸிட்' கொடுங்கள்.

இறக்கிய கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்ற நினைத்தால் ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போடாதீர்கள். டொரன்ட் பழைய இடத்தில் தேடிவிட்டு, கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும். க்யூபிட்டொரன்டில் அந்த டொரன்டின் மேல் வலது கிளிக் செய்து 'செட் லொகேஷன்' கொடுத்தால் கோப்பும் நகரும், சீடிங்கும் தொடரும். பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமென்றால் 'ரிமூவ்'. அப்போது வரும் பெட்டியில், கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு அழுத்துங்கள். டிக் இல்லையென்றால் பட்டியலிலிருந்து மட்டும் போகும், கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கும்.